மெனோபாஸ் சூட்டுக்குப் பிளாக் கோஹோஷ்: சாப்பிட்டுப் பார்த்த அனுபவம்

மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வருகிற சூட்டுக்குப் பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை வேர் மாத்திரை சாப்பிடலாமா என்று என்னிடம் கேட்கிற பெண்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நான் இருப்பது அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் கேரி நகரத்தில். பக்கத்து மோரிஸ்வில்லையும் சேர்த்தால் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி. கைக்குழந்தையோடு வந்து இறங்கியவர்கள் எல்லோரும் இப்போது ஒன்றாகவே ஐம்பதைத் தொடுகிறோம். கோவிலோ, பிள்ளைகளின் பட்டமளிப்பு விருந்தோ, சாயங்கால நடையோ, எங்கே இரண்டு பேர் ஒதுங்கி நின்றாலும் பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் மருத்துவர் இல்லை. அந்த மாத்திரையைச் சாப்பிட்டவள். சாப்பிடும் முன்பும் பின்பும் அதைப் பற்றித் தேடிப் படித்தவள். ரத்தப் பரிசோதனையில் ஓர் எண் ஏறியதைப் பார்த்து நிறுத்தியவள்.

எனக்கு 48 வயதில் ஆரம்பித்தது. மாதவிடாய் ஒரு மாதம் வரும், அடுத்த மாதம் காணாது, அப்புறம் ஒரேயடியாகக் கொட்டும். கூடவே அந்தச் சூடு. வெயிலில் நடந்தால் வருகிற சூடு மாதிரி இருக்காது. நெஞ்சின் நடுவில் ஒரு இடத்தில் குப்பென்று பிடிக்கும், கழுத்து வழியாக ஏறும், காது மடல் எரியும், மேல் உதட்டில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்கியதும் உடம்பு சில்லிட்டு நடுங்கும். பகலில் சமாளித்துவிடலாம். ராத்திரியில் அதே வேலை நடக்கும்போது நைட்டி முதுகோடு ஒட்டிப்போய், எழுந்து மாற்றிக்கொண்டு படுத்தால் தூக்கம் போயிருக்கும். நான் கட்டில் ஓரமாகவே இன்னொரு பருத்தி நைட்டியும் ஒரு சின்னத் துண்டும் மடித்து வைக்க ஆரம்பித்தேன். மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்த சொல் நினைவுக்கு வராது. சூட்டைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "எனக்கும் இருந்துச்சுடி. ராத்திரி எந்திரிச்சுப் போய் கிணத்தடியில உக்காந்திருப்பேன். யாருகிட்ட சொல்ல?" என்றார். இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அம்மா என்னிடம் அதைச் சொன்னார்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடம் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அங்குள்ள சில நரம்பணுக்கள் கட்டவிழ்ந்து, உடம்பு லேசாகச் சூடானாலே "அதிகச் சூடு" என்று தப்பாக எடுத்துக்கொள்கின்றன. உடனே தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சி, வியர்வையை வரவழைத்து, உடம்பைக் குளிர வைக்கப் பார்க்கின்றன. ஒரு வருடம் முழுக்க மாதவிடாய் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் ஆகிவிட்டது என்று கணக்கு. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் அது நடக்கிறது. அமெரிக்காவில் 51, 52. ஆனால் சூடு அதற்கு முன்பே தொடங்கிவிடும். அமெரிக்காவில் பல இனப் பெண்களையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்வான் என்ற ஆய்வில், அடிக்கடி சூடு வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருடத்துக்கும் மேல் நீடித்தது என்று தெரிந்தது. "கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், தானாகப் போய்விடும்" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

கூட வேலை பார்க்கும் அமெரிக்கப் பெண் ஒருத்திதான் பிளாக் கோஹோஷைச் சொன்னாள். அவளுடைய பாட்டி மலைப்பக்கத்துக்காரி, அந்த வேரைக் காட்டில் தோண்டி விற்றவளாம். மருந்துக்கடைக்குப் போனால் ஒரு அலமாரி வரிசையே மெனோபாஸுக்கென்று இருந்தது. டாக்டர் சீட்டு வேண்டாம். 20 மில்லிகிராம், 40, 80, 540 என்று ஆளுக்கொரு அளவு. ஒன்றில் "சாறு" என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் "வேர்த்தூள்" என்று போட்டிருக்கிறது, மூன்றாவதில் பத்து மூலிகை கலந்த "கலவை", எது எவ்வளவு என்றே இல்லை. 540 மில்லிகிராம் வேர்த்தூளும் 20 மில்லிகிராம் சாறும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதவை. பெரிய எண் போட்ட புட்டிதான் வீரியமானது என்று நினைத்து எடுத்தால் கணக்கே தப்பிவிடும். நான் அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் வந்தேன்.

அமெரிக்காவில் இந்த மாத்திரைகள் மருந்து என்ற கணக்கிலேயே வருவதில்லை. 1994-இல் போட்ட ஒரு சட்டப்படி இவை உணவுத் துணைப்பொருட்கள். விற்பனைக்கு வரும் முன்பு வேலை செய்கிறது என்றோ பாதுகாப்பானது என்றோ அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் நிரூபிக்க வேண்டியதில்லை. புட்டிக்குள் சொன்ன மூலிகைதான் இருக்கிறதா என்பதைக் கடைக்கு வரும் முன் அரசு சோதிப்பதும் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தச் செடியைப் பற்றியே படிக்க உட்கார்ந்தேன்.

அசல் செடியை நான் பார்த்தது ஆஷ்வில் பக்கம், புளூ ரிட்ஜ் மலைச்சாலை ஓரத்தில், ஜூலை மாதம். இங்கே வெயில் விழாத ஓக் மரக்காட்டின் அடியில் அது தானாக வளர்கிறது. இலைக்கூட்டம் முழங்கால் உயரம். அதன் நடுவிலிருந்து ஆள் உயரத்துக்குத் தண்டு எழுந்து, உச்சியில் வெள்ளை வெளேரென்று நீளமான பூக்கதிர். கிட்டப் போய்ப் பார்த்தால் பூவில் இதழே கிடையாது, மகரந்தக் கேசரம் மட்டும் குச்சம் குச்சமாக. வாடை நன்றாக இல்லை, இனிப்போடு கொஞ்சம் அழுகல் கலந்த மாதிரி. வண்டுகளுக்கு அது பிடித்திருக்கிறது போல, மொய்த்துக்கொண்டிருந்தன. இந்த மலைகளில் ஒரு நீல வண்ணத்துப்பூச்சி இருக்கிறது, அதன் புழு இந்தச் செடியை மட்டுமே தின்று வளரும். விற்பனைக்குப் போகும் வேரில் பெரும்பகுதி இன்றும் காட்டிலிருந்து தோண்டப்படுவதுதான் என்று படித்தபோது அந்தப் பூச்சியை நினைத்து மனசு சங்கடப்பட்டது. தாவரவியலில் இதன் பெயர் ஆக்டியா ரசிமோசா, பழைய பெயர் சிமிசிபியூகா ரசிமோசா. நம் கருஞ்சீரகம் இருக்கும் அதே குடும்பம். மருந்தாவது மண்ணுக்குள் முடிச்சு முடிச்சாகப் படுத்திருக்கும் கறுத்த வேர்க்கிழங்கு.

அமெரிக்கப் பூர்வகுடிகள் இதை மூட்டு வலிக்கும் பெண்களின் உபாதைகளுக்கும் பயன்படுத்தினார்கள். அவர்களிடமிருந்து வெள்ளைக்கார வைத்தியர்களுக்குப் போனது. 1875-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் லிடியா பிங்க்ஹாம் என்ற பெண்மணி, பெண்களுக்கான டானிக் ஒன்றைக் காய்ச்சி விற்று நாடெங்கும் புகழ்பெற்றார். அதில் இந்த வேரும் இருந்தது, கணிசமான சாராயமும் இருந்தது. அப்புறம் ஜெர்மனிக்குப் போய், 1956-இலிருந்து அங்கே முறைப்படி தயாரித்த சாறாக ரெமிஃபெமின் என்ற பெயரில் விற்கிறது. 1989-இல் ஜெர்மன் அரசின் மூலிகைக் குழு நாளுக்கு 40 மில்லிகிராம் வேருக்குச் சமமான அளவு, ஆறு மாதத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அந்த 40-ம் ஆறு மாதமும்தான் இன்றுவரை எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வருகிற அளவுகள்.

அமெரிக்காவில் இதன் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்ததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. 2002 ஜூலையில், மெனோபாஸ் ஆன 16,608 பெண்களை வைத்து, குறைந்துபோன ஹார்மோனை மருந்தாகத் தந்து நடந்த ஆய்வு ஒன்றைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு ஆகியவை கொஞ்சம் கூடுவதாகத் தெரிந்தது. ஒரே இரவில் லட்சக்கணக்கான பெண்கள் ஹார்மோனைக் கைவிட்டு மூலிகை அலமாரிக்குப் போனார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மெனோபாஸ் ஆகிப் பல வருடம் கழித்து ஹார்மோன் தொடங்கியவர்கள் அதில் அதிகம். ஐம்பது வயதில், சூடு தாங்காமல் டாக்டரிடம் போகிறவளுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இது பின்னால் தெளிவானது. பயம் மட்டும் போகவே இல்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மூலிகை பக்கம் நான் சாய்ந்ததற்கு அதுதான் முதல் காரணம்.

மூலிகை வேலை செய்கிறதா? இதற்கு நேர்மையான பதில் "ஆதாரம் பலவீனம்" என்பதுதான். சியாட்டிலில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில் 351 பெண்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு 160 மில்லிகிராம் பிளாக் கோஹோஷ் சாறு, மற்றக் குழுக்களுக்குப் பல மூலிகைக் கலவை, ஹார்மோன், மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை. ஒரு வருட முடிவில் ஹார்மோன் எடுத்தவர்களுக்குச் சூடு நன்றாகக் குறைந்திருந்தது. பிளாக் கோஹோஷுக்கும் மாவு மாத்திரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2012-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 16 ஆய்வுகளையும் 2,027 பெண்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, பயன் இருக்கிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. ஜெர்மன் சாற்றை வைத்துச் செய்த சில ஆய்வுகள் பலன் உண்டு என்கின்றன, அதையும் மறைக்கக் கூடாது. அந்த வேரில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஏதோ இருக்கிறது என்றுதான் முதலில் நம்பினார்கள். பிற்பாடு வந்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. மூளையில் உள்ள செரடோனின் என்ற வேதிப்பொருள் வழியாக ஏதாவது செய்யலாம் என்ற கருத்து இப்போது இருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு எதற்குச் சாப்பிட்டாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தூக்கமில்லாமல் மாதக்கணக்கில் கிடந்தவளுக்கு "சிலருக்குப் பலன் தெரிந்தது" என்ற ஒரு வரி போதும். ஹார்மோனுக்கு மனசு ஒப்பவில்லை. எதுவும் செய்யாமல் இருக்கவும் முடியவில்லை.

என் மகப்பேறு மருத்துவரிடம் நேராகக் கேட்டேன். அவர் என் பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்து, "உங்களுக்குக் கல்லீரலில் லேசாகக் கொழுப்பு இருக்கிறது, தெரியுமா?" என்றார். தெரியும். நம்மவர்களில் ஒல்லியாக இருப்பவர்களுக்குக்கூட அது சாதாரணமாக இருக்கிறது. "இந்த மூலிகையில் எனக்குள்ள ஒரே பெரிய கவலை கல்லீரல்தான். முதலில் ரத்தப் பரிசோதனை செய்வோம். சரியாக இருந்தால் சாப்பிட்டுப் பாருங்கள், சில வாரத்தில் மறுபடி பரிசோதிப்போம். ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. என்ன புட்டி என்று எனக்கு எழுதிக் கொடுங்கள்" என்றார். தைராய்டு பரிசோதனையும் சேர்த்து எழுதினார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே வியர்வையும் படபடப்பும் வரும், மெனோபாஸ் என்று நாமே முடிவு கட்டிவிட்டால் அது தவறிப்போகும். எனக்குத் தைராய்டு சரியாகவே இருந்தது.

கல்லீரல் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பிளாக் கோஹோஷ் சாப்பிட்டவர்களில் கல்லீரல் பாதிப்பு என்று உலகெங்கும் 80-க்கும் மேற்பட்ட கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கோடிக்கணக்கான மாத்திரைகள் விற்கும் பொருளுக்கு இது அபூர்வம்தான். மூலிகைதான் காரணம் என்று எல்லா கேஸ்களிலும் உறுதியாகவும் இல்லை. ஆனால் வந்தவர்களில் சிலருக்குக் கல்லீரலே செயலிழந்து மாற்று அறுவை சிகிச்சை வரை போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2006-இலிருந்து புட்டியின் மேலேயே "சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கலாம்" என்று எச்சரிக்கை போட வேண்டும். பிரிட்டனும் அதே வருடம் எச்சரித்தது. அமெரிக்க மருந்துத் தர அமைப்பான யு.எஸ்.பி. 2008-இல் இதேபோன்ற வாசகத்தைப் பரிந்துரைத்தது. வயிற்று வலி, கறுத்த சிறுநீர், மஞ்சள் காமாலை கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள் என்று அதில் இருக்கும். நான் வாங்கிய புட்டியில் அந்த வரி இருந்தது, பின்பக்கம், அடியில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில்.

புட்டிக்குள் இருப்பது வேறு செடியாக இருந்தால் இன்னும் சிக்கல். சீனாவில் வளரும் அதே இனத்து வேறு செடிகளின் வேர் மலிவு. பார்வைக்கும் பொடித்த பிறகும் ஒன்றுபோலவே இருக்கும். விற்பனைக்கு வந்த 36 பொருட்களின் மரபணுவைப் பரிசோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 9 பொருட்களில் இருந்தது ஆசியச் செடி. நான்கில் ஒன்று! கல்லீரல் பாதிப்பில் எது அசல் வேரால் வந்தது, எது கலப்படத்தால் வந்தது என்று பிரிக்க முடியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் நான் யு.எஸ்.பி. முத்திரை உள்ளதாகத் தேடினேன். அந்த முத்திரை இருந்தால் சொன்ன பொருள் சொன்ன அளவில் இருக்கிறது என்று வெளியார் ஒருவர் சோதித்திருக்கிறார் என்று பொருள். மூலிகை பலன் தரும் என்று அது சொல்வதில்லை. லேபிளில் ஆக்டியா ரசிமோசா அல்லது சிமிசிபியூகா ரசிமோசா என்று முழுப்பெயர் இருக்கிறதா, வேரின் சாறு என்று தெளிவாக இருக்கிறதா, வேறு மூலிகை கலக்காமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். பக்கத்திலேயே ப்ளூ கோஹோஷ் என்று இன்னொரு புட்டி இருந்தது. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் மாற்றி எடுத்துவிடக் கூடாது. அது வேறு குடும்பத்துச் செடி, கருப்பையைச் சுருங்க வைப்பது, இதயத்தையும் பாதிக்கக்கூடியது. மெனோபாஸுக்கு அதில் வேலையே இல்லை.

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. வெறும் வயிற்றில் எடுத்தால் வயிறு பிசைந்தது. ஆரம்பத்தில் லேசான தலைவலி இருந்து அப்புறம் போய்விட்டது. சிலருக்குத் தோலில் தடிப்பு, மார்பகத்தில் வலி, இடையில் ரத்தக்கசிவு வரும் என்று படித்திருந்தேன், எனக்கு அவை வரவில்லை.

மாத்திரை தொடங்குவதற்கு முன்பே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருந்தேன். நாளுக்கு எத்தனை முறை சூடு, ராத்திரி எத்தனை முறை எழுந்தேன், அன்றைக்குக் காபி, காரம், வேலை நெருக்கடி. யார் இந்த மூலிகையைத் தொடங்குவதாக இருந்தாலும் இதை மட்டும் செய்யுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். ஏனென்றால் மெனோபாஸ் சூடு தானாகவே ஏறி இறங்கும். சூடு உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மாத்திரை வாங்கப் போவோம், அடுத்த மாதம் அது தானாகத் தணிந்தாலும் மாத்திரைக்குப் பெயர் போய்ச் சேரும். ஆய்வுகளில் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சூடு கணிசமாகக் குறைகிறது.

என் நோட்டு சொன்னது இதுதான். பகல் சூட்டில் மாற்றம் இல்லை. ராத்திரி முன்பைவிடக் கொஞ்சம் நன்றாகத் தூங்கினேன். அந்த வாரங்களிலேயே மதியத்துக்கு மேல் காபியை நிறுத்தியிருந்தேன், படுக்கையறை ஏசியை இன்னும் குளிராக வைத்திருந்தேன். எது உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. "பிளாக் கோஹோஷ் எனக்கு வேலை செய்தது" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. வேலை செய்யவில்லை என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன்.

மறு பரிசோதனையில் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் எண் ஏறியிருந்தது. நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று வருமே, அதுதான். ஆபத்தான ஏற்றம் இல்லை, ஆனால் முன்பு எல்லைக்குள் இருந்தது இப்போது எல்லைக்கு வெளியே. எனக்கு உடம்பில் ஒரு அறிகுறியும் இல்லை. பசி நன்றாக இருந்தது, சிறுநீர் நிறம் மாறவில்லை. பரிசோதனை செய்யாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. டாக்டர் அன்றே நிறுத்தச் சொன்னார். "கல்லீரல் கொழுப்பினாலும் இப்படி ஏறி இறங்கும், மூலிகைதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பலனும் பெரிதாக இல்லாத ஒன்றுக்காக இதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்" என்றார். நிறுத்திய பிறகு எண் இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது.

அதன் பிறகுதான் ஹார்மோன் பற்றி நிதானமாகப் பேசினோம். 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் ஆகிப் பத்து வருடத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்ணுக்குப் பொதுவாக நன்மை அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடு. சூட்டுக்கு அதைவிடப் பலன் தரும் மருந்து இல்லை. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், கடுமையான கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்களுக்கு அது கூடாது. கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கருப்பையின் உள்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். தோலில் ஒட்டும் பட்டை வழியாக எடுத்தால் மாத்திரையைவிட ரத்தக்கட்டு அபாயம் குறைவு. எண் சரியாகும்வரை காத்திருந்து, பட்டையும் ராத்திரிக்குப் புரோஜெஸ்டிரோன் காப்ஸ்யூலும் ஆரம்பித்தார். இடுப்பில் ஒட்டிக்கொள்கிற சின்னப் பட்டை. சில வாரங்களில் ராத்திரி நைட்டி மாற்றுவது நின்றது. நோட்டில் எழுத ஒன்றும் இல்லாத நாட்கள் வந்தன.

ஹார்மோன் எடுக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. மனச்சோர்வுக்குத் தருகிற சில மாத்திரைகளைக் குறைந்த அளவில் தருகிறார்கள். பாராக்செடின் 7.5 மில்லிகிராம் 2013-இல் இதற்கென்றே அனுமதி பெற்றது. நரம்பு வலிக்குத் தருகிற காபாபென்டின் இருக்கிறது, பேசிப் பேசி எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிற அறிவுசார் நடத்தை சிகிச்சை இருக்கிறது. ஹைப்போதலாமஸ் நரம்பணுக்களையே குறிவைக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரை 2023-இல் வந்தது. இந்தப் புது மருந்துக்கும் கல்லீரல் எச்சரிக்கை உண்டு. 2024 டிசம்பரில் எஃப்.டி.ஏ. அதைக் கட்டம் கட்டி லேபிளில் போட வைத்தது. தொடங்கும் முன்பும், முதல் மூன்று மாதம் மாதாமாதமும், அப்புறம் ஆறாவது, ஒன்பதாவது மாதங்களிலும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதே கல்லீரல் கவலை உள்ள மூலிகையை நாம் அரிசி பருப்போடு சேர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு வருகிறோம், யாரும் பரிசோதிக்கச் சொல்வதில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஊரிலிருந்து கேட்கிற உறவுக்காரப் பெண்களுக்குத் தனியாகச் சில விஷயங்கள். அங்கே ஹோமியோபதியில் சிமிசிபியூகா என்று தருவது இதே செடியிலிருந்து வருவதுதான். 30, 200 என்று எண் போட்ட உருண்டைகளில் செடியின் பொருள் ஒன்றும் மிஞ்சியிருக்காத அளவுக்கு நீர்த்தது. மதர் டிங்சர் என்று தரும் சொட்டு மருந்து அப்படி இல்லை, அது சாராயத்தில் எடுத்த சாறு, வேரில் உள்ளது அதிலும் இருக்கும். அதை எடுப்பவர்கள் கல்லீரல் விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியமும் அமுக்கரா சூரணமும் பெட்டியில் வைத்து எனக்கும் வந்தன. அமுக்கராவுக்கும் கல்லீரல் பாதிப்புக் கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன. தண்ணீர்விட்டானுக்கு மெனோபாஸில் பெரிய ஆய்வுகள் இன்னும் வரவில்லை. 2008-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், இணையத்தில் வாங்கிய ஆயுர்வேத மருந்துகள் 193-இல் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. அம்மா அனுப்பிய டப்பாவில் தயாரிப்பாளர் உரிம எண்ணும் தேதியும் இல்லை. அவரிடம் சொல்லிவிட்டு எடுத்து வைத்துவிட்டேன். அம்மா வருத்தப்படவில்லை. "நீ பாத்துச் செஞ்சா சரி" என்றார்.

ரத்தக் கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை போடுகிறவர்கள் நம்மில் ஏராளம். அதுவும் சிலருக்குக் கல்லீரல் எண்ணை ஏற்றும், அதோடு இந்த மூலிகையும் சேர்ந்தால் எது காரணம் என்றே தெரியாமல் போகும். டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்து டாமாக்சிஃபென் எடுக்கிற தோழி ஒருத்தி இந்த மூலிகையைக் கேட்டாள். ஹார்மோனோடு சம்பந்தப்பட்ட புற்றுநோய்க்கு இது பாதுகாப்பு என்று உறுதியான முடிவு இல்லாததால், அவளுடைய புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம் என்றேன். சூட்டுக்குத் தருகிற பாராக்செடினும் டாமாக்சிஃபெனின் வேலையைக் குறைக்கும் என்பதால், அவளுடைய மருத்துவர் வேறொரு மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார்.

இன்னொரு அக்கா. மாதவிடாய் நின்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. திடீரென்று லேசாக ரத்தம் படுகிறது, கூடவே சூடும் இருக்கிறது, "நீ சாப்பிட்ட அந்த வேர் மாத்திரை பேரைச் சொல்லு, ரெண்டுக்கும் கேக்குமான்னு பாக்கலாம்" என்று போன் செய்தார். பெயரைச் சொல்லவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதற்கு மூலிகை தேடக் கூடாது, கருப்பைப் புற்றுநோய் இல்லை என்று பரிசோதனையில் தெரிய வேண்டும், இந்த வாரமே போங்கள் என்றேன். கோபித்துக்கொண்டார். மறுநாள் நானே அவருக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கி, கூடவும் போனேன். ஸ்கேனும் உள்சுவர்த் திசுப் பரிசோதனையும் எடுத்தார்கள். பாலிப் என்ற சாதுவான ஒரு சதை வளர்ச்சி, எடுத்துவிட்டார்கள். சூட்டுக்கு என்ன செய்வது என்று அடுத்த சந்திப்பில் பேசப் போகிறார். அதற்குள் தான் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். பிரஷர் மாத்திரை, கால்சியம், காலையில் குடிக்கிற வெந்தயத் தண்ணீர், மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த காப்ஸ்யூல் என்று எழுதிக்கொண்டே போனார். அந்தக் காப்ஸ்யூல் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பதினோரு மூலிகை, ஏழாவது பெயர் பிளாக் கோஹோஷ்.